கரடியும் கரையானும்

பாபநாசத்தில் 108 சிவாலயம் என்று ஒரு கோயில். தஞ்சாவூர் - கும்பகோணம் பஸ்ஸில் போகும்போது பல தடவை அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள். இறங்கி உள்ளே போனவர்களுக்குத்தான் தெரியும்... ஒரே கோயிலுக்குள் வரிசை வரிசையாக லிங்கங்கள். மொத்தம் 108!

கர, தூஷணர்களை வதம் செய்த பாவம் தீர ராமர் இங்கே சிவபூஜை செய்தார் என்பது தலபுராணம். மண்ணால் பிடித்த லிங்கங்களோடு, காசியிலிருந்து அனுமன் கொண்டுவந்த லிங்கமும் சேர்ந்து 108. பாவம் நாசமான ஊர் என்பதால் ஊருக்கே அந்தப் பெயர்.

கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்த அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருந்தேன். பதினாலு வயசு. முதல் வரிசையை முடித்து இரண்டாவது வரிசைக்குத் திரும்பும்போது சட்டென்று நின்றான்.

"மாமா... இதுல எது ஒரிஜினல், எது காப்பி?"

என்ன பதில் சொல்வது? "சாமி விஷயத்துல அப்படியெல்லாம் கேக்கக் கூடாதுடா" என்று எல்லா மாமாக்களும் சொல்லும் பதிலைச் சொல்லித் தப்பித்துவிட்டேன். ஆனால், அன்று சாயங்காலமே அதே கேள்வி வேறு வேஷம் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது!

கரண்ட் போயிருந்தது. திண்ணையில் அக்கா மகனும், அவனைவிட இரண்டு வயசு சின்னவனான என் அண்ணன் மகனும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ரம்மியோ கழுதையோ இல்லை. பளபளப்பான அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம்... தேவதை, பூதம், கரடி. கீழே பொடி எழுத்தில் நாலு வரி. திடீரென்று கூச்சல்.

"நான் உன் கரடியைத்தானே காப்பி அடிச்சேன்? உன் கரடி மூணுக்கு நாலுன்னா என்னுதும் மூணுக்கு நாலுதான்!"

"கரடி ரெண்டுக்கு ரெண்டுதான்டா. மீதி நான் அது மேல போட்ட மந்திரம். அது காப்பியில வராது!"

"சித்தப்பா, நீங்களே சொல்லுங்க!" என்று சின்னவன் என் பக்கம் திரும்பினான்.

எனக்கு அந்த ஆட்டத்தில் அட்சரம் தெரியாது. ஆனால், அந்த வழக்கு மட்டும் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. ஒரு பொருளை நகல் எடுக்கும்போது அதன் கூட எதெல்லாம் வரும், எதெல்லாம் வராது? சுமார் 140 வருஷத்துக்கு முன்னால், இதே காவிரிக் கரையில், ஒருத்தர் இதே கேள்வியோடு ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தார். அவர் கதைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் இந்தக் கரடியின் கதை.

*

1991. அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணித ஆராய்ச்சி மாணவர், தான் உருவாக்கிய ஒரு பலகை ஆட்டத்தோடு பீட்டர் அட்கிசன் என்பவரைப் போய்ப் பார்த்தார். அட்கிசன் நடத்திய கம்பெனி, 'விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்'. அப்போது அது ரொம்பச் சின்ன கம்பெனி. பலகை ஆட்டம் தயாரிக்கக் கையில் காசு இல்லை. "இது வேண்டாம். சுலபமாகத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி, நாலு பேர் கூடும் இடத்தில் சட்டென்று ஆடி முடிக்கிற மாதிரி ஏதாவது யோசியுங்களேன்" என்பது அட்கிசன் கேட்டதன் சாரம்.

கார்ஃபீல்டு யோசித்துக் கொண்டுவந்ததுதான் 'மேஜிக்: தி கேதரிங்'. 1993 ஆகஸ்டில் வெளிவந்தது. அதே வருஷம்தான் அவருக்கு டாக்டர் பட்டமும் கிடைத்தது. 'ஆல்ஃபா' என்று இன்று சொல்லப்படும் முதல் அச்சில் 295 வகை அட்டைகள். மொத்தம் 26 லட்சம் அட்டைகள் அடித்தார்கள். சீக்கிரமே தீர்ந்துபோயின! 1999-ல் ஹாஸ்ப்ரோ என்ற பெரிய பொம்மைக் கம்பெனி 'விஸார்ட்ஸ்' கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டது.

இந்த ஆட்டத்தில் அப்படி என்ன புதுசு? நம் ஊரில் 1990-களில் பையன்கள் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டு ஆடினார்களே, ஞாபகம் இருக்கிறதா? உயரம், எடை, ரேங்க்... எண்ணை எண்ணோடு ஒப்பிட வேண்டியது, பெரிய எண்காரன் ஜெயிக்க வேண்டியது. அவ்வளவுதான். விதி ஒன்றுதான். அது ஆடுகிறவர்கள் மண்டையில் இருக்கும். கார்ஃபீல்டின் ஆட்டத்திலோ ஒவ்வொரு அட்டையும் தன் மீதே தனியாக ஒரு விதியை எழுதி வைத்திருக்கிறது. பொது விதியும் அட்டையும் மோதினால், அட்டை சொல்வதுதான் செல்லும். 295 வகை அட்டை என்றால், 295 சின்னச் சின்னச் சட்டங்கள். ஒன்றோடு ஒன்று மோதினால் என்ன ஆகும்? அங்கேதான் தலைவலியே!

அந்த 295-ல் ரொம்ப விஷமம் பிடித்தவை சில உண்டு. அவற்றுக்கென்று சொந்த முகம் கிடையாது. 'குளோன்' என்றொரு அட்டை. களத்தில் இருக்கும் ஏதாவது ஓர் உயிரைக் காட்டி, "நான் அதுவாகவே ஆகிறேன்" என்று இறங்கும். 'வெசுவன் டாப்பல்கேங்கர்' என்று இன்னொன்று. இது ஒரு தடவை வேஷம் கட்டி ஓயாது. ஒவ்வொரு சுற்றிலும் ஆளை மாற்றிக்கொள்ளலாம். நம் தெருக்கூத்தில் ஒரே நடிகர் முதலில் கட்டியங்காரன், அப்புறம் துரியோதனன் என்று வருவாரே, அந்த மாதிரி.

*

திண்ணை வழக்குக்கு வருவோம்.

கரடி அட்டையில் அச்சாகியிருப்பது 2/2. அதாவது, தாக்கும் பலம் 2, தாங்கும் பலம் 2. அக்கா மகன் அதன் மேல் 'ஹோலி ஸ்ட்ரெங்த்' என்ற மந்திர அட்டையை வைத்திருந்தான். அது முதல் எண்ணில் 1, இரண்டாவது எண்ணில் 2 கூட்டும். ஆக, கரடி இப்போது 3/4. அண்ணன் மகன் 'குளோன்' இறக்குகிறான். அவன் கரடி எவ்வளவு?

2/2-தான். பெரியவன் சொன்னதுதான் சரி. 1993-ல் அச்சான 'குளோன்' அட்டையிலேயே இதற்குப் பதில் இருந்தது. மூலத்தின் மேல் போட்டிருக்கும் மந்திரங்கள் நகலுக்கு வராது. மூலம் அழிந்தாலும் நகல் அப்படியே நிற்கும். இந்த இரண்டையும் ஞாபகத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதை இன்றைய விதிப்புத்தகம் விரிவாகச் சொல்கிறது. சுமார் 300 பக்கம் கொண்ட புத்தகம் அது! அதில் 707-ஆவது விதி முழுக்க நகல் பற்றியதுதான். அதன் சாரம் இது: ஒரு பொருளுக்கு இரண்டு விதமான குணங்கள் உண்டு. ஒன்று, பிறவிக் குணம். பெயர், நிறம், இனம், அச்சான எண்கள், அச்சான சக்திகள். இன்னொன்று, பிறந்த பிறகு அதற்கு நேர்ந்தவை. மேலே போட்ட மந்திரம், மேலே வைத்த காய், பட்ட அடி. நகலுக்குப் போவது முதல் வகை மட்டும். தழும்பும் நகையும் போகாது!

"அவ்வளவுதானா, சுலபமாக இருக்கிறதே" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நகலையே நகல் எடுத்தால்?

ஒரு 'குளோன்' கரடியாக ஆகிவிட்டது. இரண்டாவது 'குளோன்' வந்து அந்த முதல் 'குளோனை'க் காட்டுகிறது. இப்போது அது என்ன ஆகும்? வெறும் 'குளோன்' ஆகுமா, கரடி ஆகுமா? கரடிதான். முன்னது எப்போது நகலாக மாறியதோ, அப்போதே கரடிக் குணம் அதன் பிறவிக் குணமாகிவிட்டது. அடுத்தவன் அதைத்தான் பார்ப்பான். மூன்றாவது, நாலாவது, பத்தாவது நகல் எடுத்தாலும் 2/2 கரடிதான். தேய்மானமே கிடையாது.

ஆனால், ஒரு சிக்கல். சில அட்டைகள் நகல் எடுக்கும்போதே ஒரு 'ஆனால்' போடும். 'காப்பி ஆர்ட்டிஃபாக்ட்' என்று ஓர் அட்டை. அது ஒரு மந்திரக் கருவியை அப்படியே நகல் எடுக்கும். ஆனால், கூடவே தான் ஒரு மந்திரமாகவும் இருக்கும் என்று சொல்லும். இப்போது இரண்டாவது ஆள் ஒருத்தன் இந்த நகலை நகல் எடுத்தால்? அந்த 'ஆனால்' சேர்ந்தே வரும்! அதேபோல டாப்பல்கேங்கர் கரடி வேஷத்தில் இருக்கும்போது அதை 'குளோன்' எடுத்தால், 'குளோனு'க்கும் ஆளை மாற்றும் வியாதி தொற்றிக்கொள்ளும். மூலக் கரடிக்கு அந்தச் சக்தியே கிடையாது. நடுவில் எழுதியவன் சேர்த்தது, பின்னால் வருகிறவன் தலையில் மூலமாகவே இறங்கிவிடுகிறது.

அதாவது, பொருளுக்குப் பிறகு நேர்ந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்குப் போகாது. நகல் எடுக்கிற அந்த நொடியில் செய்த மாற்றம் போகும்.

இன்னொரு வேடிக்கையும் பாருங்கள். கரடி வேஷத்தில் இருக்கும் டாப்பல்கேங்கர் மேல் 'ஹோலி ஸ்ட்ரெங்த்' போட்டிருக்கிறோம். 3/4. அடுத்த சுற்றில் அது வேஷத்தை மாற்றி, 4/4 பலம் உள்ள 'செரா ஏஞ்சல்' தேவதையாகிறது. நகல் புதுசு, மந்திரம் பழசு. புதுசு வந்து பழசை அழித்துவிடுமா? அழிக்காது. தேவதை 5/6 ஆகிவிடும்! காரணம், விதிப்புத்தகம் எல்லா விளைவுகளையும் ஏழு அடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் அடுக்கு எப்போதும் நகல்தான். யாருடைய கையில் இருக்கிறது என்பது இரண்டாவது. எண்களைக் கூட்டுவதும் குறைப்பதும் ஏழாவது. எது எப்போது நடந்தது என்று பார்ப்பதற்கு முன்னால், எது எந்த அடுக்கு என்றுதான் பார்க்க வேண்டும். அஸ்திவாரத்தை நடுவில் மாற்றினாலும் மாடி அப்படியே நிற்கும் வீடு அது. நம் கொத்தனார்கள் கேட்டால் மயங்கி விழுந்துவிடுவார்கள்!

இந்த விதிகள் எவ்வளவு கறார் என்றால், இந்த ஆட்டத்துக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரைக் கட்ட முடியும் என்று 2019-ல் மூன்று ஆய்வாளர்கள் நிரூபித்துக் காட்டினார்கள்.

*

கறார் என்றேனே தவிர, மாறாதது என்று சொல்லவில்லை. மாறிய கதை ஒன்று உண்டு.

1994-ல் 'லெஜண்ட்ஸ்' என்ற தொகுப்பு வந்தது. அதில் பெயர் பெற்ற மாவீரர்கள், ராணிகள். உலகத்தில் ஒரே ஒருத்தர்தான் இருக்க முடியும் என்பது அவர்கள் பெருமை. அப்படிப்பட்டவரை 'குளோன்' எடுத்தால் களத்தில் இரண்டு பேர் ஆகிவிடுவார்களே? அன்றைய விதி: முதலில் வந்தவர் இருப்பார், பின்னால் வந்தவர் சாவார். ஆக, பாவம் 'குளோன்'. வந்த வேகத்தில் சுடுகாடு.

2004-ல் விதியை மாற்றினார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் நின்றால், இருவருமே சாக வேண்டும். உடனே என்ன ஆயிற்று தெரியுமா? அதுவரை சாதுவாக இருந்த 'குளோன்' கொலைகாரன் ஆகிவிட்டது! எதிராளியின் ராஜாவைக் கொல்ல வாள் வேண்டாம், வில் வேண்டாம். "நானும் நீதான்" என்று பக்கத்தில் போய் நின்றால் போதும்.

2013-ல் மறுபடி மாற்றினார்கள். இப்போது உங்கள் ராஜா உங்களிடம், என் நகல் ராஜா என்னிடம். இருவரும் சுகமாக இருக்கலாம். ஒரே ஆள் கையில் இரண்டு இருந்தால்தான் ஒன்றை விட்டுவிட வேண்டும். இருபது வருஷத்துக்குள் ஒரே அட்டை பலியாள், கொலையாளி, பங்காளி என்று மூன்று அவதாரம் எடுத்துவிட்டது. அட்டையில் ஓர் எழுத்து மாறவில்லை!

அடுத்து, அச்சுப்பிழை. அச்சானதுதான் பிறவிக் குணம் என்று மேலே சொன்னேன். அச்சே தப்பாக இருந்தால்?

இருந்தது. ஆல்ஃபாவில் 'ஆர்கிஷ் ஓரிஃப்ளாம்' என்ற அட்டைக்கு மொத்தம் நாலு பங்கு சக்தி விலை போட வேண்டியது. இரண்டு என்று அச்சாகிவிட்டது. பாதி விலை! 1994-ல் இன்னும் பெரிய கூத்து. 'செரண்டிப் எஃப்ரீட்' என்று ஒரு பூதம். செரண்டிப் என்றால் வேறு எதுவும் இல்லை, அரேபியர்கள் இலங்கைக்கு வைத்த பழைய பெயர். நீல இனத்தைச் சேர்ந்த அந்தப் பூதம், மறுபதிப்பில் பச்சைச் சட்டத்துக்குள், வேறு ஒரு பூதத்தின் படத்தோடு அச்சாகி வந்துவிட்டது. இப்போது அந்தப் பச்சை அட்டையை 'குளோன்' எடுத்தால், நகல் பச்சையா, நீலமா?

நீலம். ஏனென்றால், 'ஆரக்கிள்' என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் அட்டைக்கும் கம்பெனி திருத்தி வைத்திருக்கும் அதிகாரபூர்வமான வாசகம் அது. உங்கள் கையில் இருக்கும் அட்டையில் என்ன அச்சாகியிருந்தாலும், செல்லுபடியாவது ஆரக்கிள்தான். நகலும் அதிலிருந்துதான் எடுக்கப்படும். பிழை ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். அடுத்ததற்குப் பரவாது.

இதைக் கேட்டபோதுதான் எனக்கு அந்தப் பழைய மனிதர் ஞாபகம் வந்தார். ஆரக்கிள் இல்லாமல் இந்த ஆட்டத்தை ஆடியவர் அவர்.

*

பாபநாசத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் உத்தமதானபுரம் என்ற கிராமம். உ.வே.சாமிநாதையரின் ஊர்ப்பெயரில் முதல் எழுத்தாக நிற்கும் 'உ' இதுதான். 1855-ல் பிறந்தவர். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அதே வருஷம் அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் ராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்ட முதலியார், இவர் சொன்ன புராணம், அந்தாதிப் பட்டியலைக் கேட்டு அசரவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இவர் படித்ததில்லை. முதலியார் தன்னிடம் இருந்த பிரதியைக் கொடுத்தனுப்பினார்.

அங்கே ஆரம்பித்தது வேட்டை. ஏழு வருஷம். பல ஊர்களிலிருந்து சிந்தாமணி ஏடுகளைத் தேடிச் சேர்த்தார். சமண நூல் என்பதால் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்டார். ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்... ஒன்று போல இன்னொன்று இல்லை!

ஏன் இல்லை? ஓலை ரொம்ப காலம் தாங்காது. சில நூற்றாண்டு தாங்கினாலே பெரிசு. அதற்குள் வேறு ஓலையில் எழுதிவிட வேண்டும். நம் கைக்குக் கிடைத்த எந்தச் சங்க நூலும் புலவர் கையால் எழுதிய ஓலை இல்லை. நகலுக்கு நகல், அதற்கு ஒரு நகல் என்று எத்தனையோ தலைமுறை தாண்டி வந்ததுதான். 'குளோன்' அட்டைக்கு 707-ஆவது விதி இருக்கிறது. ஏடு எழுதுகிறவருக்கு யார் விதி எழுதி வைத்தார்கள்?

ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஓலை ஓட்டையாகிவிடும். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. 'கெடு' என்றும் படிக்கலாம், 'கேடு' என்றும் படிக்கலாம். துணைக்காலும் 'ர'வும் ஒரே மாதிரி இருக்கும். 'பாவை' என்று ஒருத்தர் எழுதியதை, அடுத்தவர் 'பரவை' என்று படித்து எழுதினால், பெண் போய்க் கடல் வந்துவிடும்! எங்கே பாட்டு முடிகிறது, எங்கே உரை ஆரம்பிக்கிறது என்பதும் தெரியாது. எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடும்.

இதன் மேல் கரையானும் பூச்சியும். சீட்டாட்டத்தில் கரடிக்குப் பட்ட அடி நகலுக்கு வராது. ஏட்டில் வரும்! கரையான் தின்ற இடத்தைப் பார்த்து எழுதுகிறவர் என்ன செய்வார்? நல்லவராக இருந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டு எழுதுவார். அதற்கடுத்தவர் காலி இடம் எதற்கு என்று சேர்த்து எழுதிவிடுவார். கொஞ்சம் புலமை உள்ளவராக இருந்தாலோ வந்தது ஆபத்து. தானே இரண்டு சொல் போட்டு நிரப்பிவிடுவார். அந்த 'ஆனால்' அடுத்தவருக்கு மூலமாகவே தெரியும். டாப்பல்கேங்கர் வியாதி!

உ.வே.சா. செய்த வேலை என்ன என்று இப்போது யோசித்துப் பாருங்கள். எது பிறவிக் குணம், எது பின்னால் நேர்ந்தது, எது நடுவில் எழுதியவர் போட்ட 'ஆனால்'... மூன்றையும் பிரிக்க வேண்டும். கேட்டுச் சரிபார்க்க ஆரக்கிள் கிடையாது. இருந்த ஒரே உதவி, நகல்கள் பல இருந்ததுதான்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓர் ஏட்டிலிருந்து நகல் எடுத்து முடித்த பிறகு அந்த ஏட்டைக் கரையான் தின்றால், ஏற்கெனவே எடுத்த நகலுக்கு ஒன்றும் ஆகாது. அங்கே வரி முழுசாக இருக்கும். சீட்டாட்டத்திலும் இதே விதிதான். நகல் எடுத்த பிறகு மூலம் என்ன ஆனாலும் நகலைப் பாதிக்காது. ஆகவே, ஒரு பிரதியில் ஓட்டை இருந்தால், வேறு ஊரில் வேறு காலத்தில் பிரிந்து போன இன்னொரு பிரதியில் தேடினால் கிடைக்கலாம். தலைகீழாகவும் யோசிக்கலாம். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே வரி விட்டுப் போயிருந்தால், இரண்டும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் என்று சந்தேகப்படலாம். அப்படிப்பட்ட இரண்டு சாட்சி, ஒரு சாட்சிக்குச் சமம்தான்.

சிந்தாமணிப் பிரதிகளில் உரையே சில இடங்களில் மாறி மாறி இருந்தது. எழுதியவர்கள் செய்த குளறுபடியா? அதற்குச் சமணர்களிடையே ஒரு செவிவழிச் செய்தி வழங்கியது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லை, அவர் சமண நூல்களைப் பயின்றுவிட்டு இரண்டாம் முறை எழுதினார் என்று. அப்படியானால் இரண்டு விதமான ஏடும் உண்மையான ஏடுதான். மூலமே இரண்டு! எந்த 707-ஆவது விதியிலும் இதற்குப் பதில் கிடையாது.

1887-ல் சீவக சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. அப்புறம் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை... 1898-க்குள் இத்தனையும். சந்தேகமான இடங்களில் தனக்குச் சரியென்று பட்டதை மட்டும் போட்டுவிட்டு மற்றதை மூடி மறைக்கவில்லை அவர். இந்தப் பிரதியில் இப்படி, அந்தப் பிரதியில் அப்படி என்று பாடபேதங்களை எழுதி வைத்தார். நாளைக்கு ஒருத்தன் வந்து, "நீங்கள் தேர்ந்தெடுத்தது தப்பு" என்று சொல்வதற்கு அவரே வழி வைத்துவிட்டுப் போனார்.

எல்லா ஏடும் அவர் கைக்குக் கிடைத்துவிடவில்லை. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்ட கதைகளையும், நெருப்பில் போட்ட கதைகளையும் 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்ததே, அதுதான். அந்த ஏடுகளைப் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. படிக்க ஆள் இல்லாத ஏட்டைக் குப்பையில் போடாமல், மரியாதையாக ஆற்றுக்கும் அக்னிக்கும் கொடுத்தார்கள். அதில் எந்த நூலின் கடைசிப் பிரதி போயிற்றோ, யாருக்குத் தெரியும்?

*

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் பையன்கள் இருவரையும் உத்தமதானபுரத்துக்குக் கூட்டிப் போனேன். உ.வே.சா. நினைவு இல்லத்தில் நின்றுகொண்டு புள்ளி இல்லாத எழுத்தையும், பாவை பரவை ஆன கதையையும் சொன்னேன். சின்னவனுக்குக் கரையான் கதை பிடித்திருந்தது. பெரியவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது கேட்டான்.

"அப்ப அவருக்கு எது ஒரிஜினல்னு கடைசி வரைக்கும் தெரியாதா மாமா?"

"தெரியாதுடா. இருக்கற காப்பியை வெச்சு இதுவாத்தான் இருக்கும்னு சொன்னாரு."

"ஆரக்கிள் இல்லாமயே ஆடியிருக்காரு..." என்றான். அவன் பாஷையில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை என்பது எனக்கு அதற்குள் புரிந்திருந்தது.

கோயிலில் அவன் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஆனால், உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. உங்கள் பூர்வீக வீட்டுப் பரணில், மரப்பெட்டிக்கு அடியில், சிவப்புத் துணியில் கட்டிய ஓலைக்கட்டு ஏதாவது இருக்கிறதா? ஜாதகமோ, வைத்தியமோ, கணக்கோ, என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாததோ... எதுவாகவும் இருக்கட்டும். தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் இருக்கிறது. தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னை பெசன்ட் நகரில் உ.வே.சா. பெயரிலேயே நூலகம் இருக்கிறது. போய்க் காட்டுங்கள். இன்றைக்கு ஒரு படம் எடுத்துவிட்டால், நாளைக்கு வரும் கரையானால் அந்தப் படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

மூலம் அழிந்தாலும் நகல் நிற்கும். ஆனால், அதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் நகல் எடுத்திருக்க வேண்டுமே!